மூத்தாள் பிள்ளையும் இளையாள் பிள்ளையும்

வீராம்பட்டினத்துக்கு அருகே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே அகழ்ந்து, உரோமாபுரியோடு நம்மவர் நடத்திய வாணிபத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்தார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய பாசிமணியைக் காண அறிஞர்கள் வருகின்றனர். இப்பகுதிக் குடும்பங்களிலோ, பாட்டனாரைப் பெற்றவள் யார் என்று கேட்டால் மறுமொழி வருவதில்லை. அவருடைய தந்தை இருமுறை மணந்தவராயின் குழப்பம் இரட்டிப்பாகும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இத்தகைய குடும்பங்கள் மிகுதி. பிரசவத்தில் தாய் இறந்தாள், வாந்திபேதி வந்தது, 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வாட்டியது. கைக்குழந்தையோடு நின்றவர் மறுமணம் செய்துகொண்டார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதிய நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) மனைவியை இழந்து மீண்டும் மணந்தவரே. அவர் கைப்பிடித்தவருள் ஒருவர் காரைக்காலைச் சேர்ந்தவர், மற்றொருவர் புதுவையைச் சேர்ந்தவர். ஆனால் மறுமணம் பெரும்பாலும் ஆணுக்கே வாய்த்தது. விதவை மீண்டும் மணப்பதைத் திருச்சபை தடுத்ததில்லை. தடுத்தது நம் சாதி வழக்கம்.

இக்குடும்பங்களின் வேரைத் தேடுவோர் முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்கின்றனர். அது மட்டும் போதாது. ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றின் பதிவைத் திரிதெந்தீன் பொதுச்சங்கம் கட்டாயமாக்கிற்று. அடக்கப் பதிவையும் 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்குநூல் சேர்த்தது. மூன்றையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். ஒருவரது திருமணத்தை அவரது ஞானஸ்நானக் குறிப்பின் ஓரத்தில் எழுதும் கட்டளை 1908-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய ஏடுகளில் ஓரக்குறிப்பை எதிர்பார்ப்பது வீண்.

திருமணப் பதிவேடே திறவுகோல். மணமகன் பெயரருகே 'மனைவியை இழந்தவர்' என்னும் பொருளில் இலத்தீனிலோ பிரெஞ்சிலோ ஒரு சொல் காணப்படும். இறந்தவள் பெயரும் பெரும்பாலும் தொடரும். அச்சொல்லைக் கவனியாமல் கடந்தால், மூத்தாள் பெற்ற பிள்ளைகளையெல்லாம் இளையாள் பெயரில் எழுதிவிடுவோம். இறந்த மனைவியின் தங்கையையே மணந்திருந்தால் இன்னொரு குறிப்பும் கிட்டும். அவ்வுறவு அந்நாளில் திருமணத் தடை. விதிவிலக்குப் பெற்றே மணக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்புதான் அத்தடையை நீக்கிற்று. நம் ஊர்களில் அக்காள் பிள்ளைகளை வளர்க்கத் தங்கையைக் கொடுப்பது வழக்கமாதலால், இவ்விதிவிலக்குக் குறிப்பு பல வீடுகளின் கதையைச் சொல்லும். அவ்வீடுகளில் சிற்றன்னை உண்மையிலேயே சின்னம்மாதான்!

புதுவை மண்ணுக்கு மற்றொரு சிக்கல் உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி, இந்துச் சட்டமும் சாதி வழக்கும் சார்ந்த தனிநிலையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயர் சூடிக்கொண்டனர். இதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்னும் பெயரை ஏற்றார். அத்துறவு மனைவியையும் வயதுவராத பிள்ளைகளையும் உட்படுத்திற்று. மூத்தாள் மகன் அதற்குள் வயதுவந்து தனித்திருந்தால், இளையாள் மகனுக்கு ஒரு பெயர், அவனுக்கு வேறு பெயர். ஒரே தந்தைக்குப் பிறந்த இருவர் ஏட்டில் அந்நியராகத் தோன்றுவர்.

இது வெறும் பழங்கதையன்று. 1962 ஆகஸ்டு 16-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாதத் தவணை தரப்பட்டது. அன்று தொட்டுப் பாட்டன், பூட்டன் தாள்களைத் தேடி அலையும் வீடுகள் உள்ளன. தாய் பெயர் ஒன்று பிறழ்ந்தாலும் வாரிசுரிமை வழக்காகிவிடும்.

பங்கு ஏட்டில் கிட்டாததைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகத்தில் தேடலாம். புதுவையின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை அது இணையத்தில் வைத்திருக்கிறது. பெயர்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் உருமாறியிருக்கும். சவரிமுத்துவை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினால் அகப்படமாட்டார்.

இளையாளின் நிழற்படம் சுவரில் தொங்கும் வீடுகள் உண்டு. நிழற்படம் பரவுமுன் மறைந்த மூத்தாளுக்கு அடக்கப் பதிவேட்டின் இரண்டு வரிகளே மிச்சம். அவற்றை எழுதிக்கொண்டு வந்தால், நவம்பர் மாதத்தில் மரித்த விசுவாசிகளுக்காக வேண்டும்போது அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம்.