நுண்கடன் கம்பனி மீது முறையிடுவது எப்படி?

இந்திய வீட்டுத்திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயில் முடியாத வீட்டுக்காக நுண்கடன் எடுத்த பெண்களை வன்னியில் சந்தித்திருக்கிறேன். கிழமைக்காசு பிந்தினால் உத்தியோகத்தர் இருட்டும்வரை முற்றத்தில் இருப்பார். முறையிடலாமென்று பலருக்குத் தெரியாது.

ஒப்பந்தப் பிரதி, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். ஏச்சு, மிரட்டல்களைத் திகதி, நேரத்தோடு குறியுங்கள். முதலில் கம்பனிக்குப் பதிவுத்தபாலில் எழுதுங்கள். கடிதத்தின் பிரதியும் தபால் சீட்டும் உங்களிடம் இருக்கட்டும். பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு முறையிடலாம்; தொலைபேசி 1935. மத்திய வங்கி தன்னிடம் அனுமதி பெற்ற நிறுவனங்களையே மேற்பார்வை செய்கிறது. உங்கள் கம்பனி அதிலொன்றா என்று கேளுங்கள். மிரட்டினால் பொலிசில் முறைப்பாடு பதியுங்கள்.

முறையிட்டதால் கடன் இல்லாமற்போகாது. ஆனால் அவர் இனி முற்றத்தில் இருட்டும்வரை இருக்க யோசிப்பார்.