கரைந்துபோன கடன் புத்தகம்

2021 டிசம்பர் 18. ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்தபோது எஸ்.பி.எம். புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

தண்ணீர் வடிந்ததும் தெருமுனை மளிகைக் கடைக்குப் போனோம். சரக்கெல்லாம் சேறு. கடன் புத்தகமும் கரைந்திருந்தது. “போனால் போகட்டும்,” என்றார் கடைக்கார அண்ணன். கடையைக் கழுவ வந்த பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, தம் பாக்கியை நினைவு வைத்துக் கொடுத்தார். அடுத்தடுத்து மலாய்க் குடும்பங்களும் நாங்களும் கொடுத்தோம்.

இன்று அக்கடையில் இன்னொரு புத்தகமும் இருக்கிறது. தனியாக வாழும் முதியோரின் வீட்டு எண்கள் அதில் உள்ளன. கனமழை பெய்தால் இளையோர் நாங்கள் முதலில் அந்தக் கதவுகளைத் தட்டுகிறோம்.

மாணவர்களே, உங்கள் தாமானில் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?