வீட்டில் உட்கொள்ளும் புற்றுநோய் மருந்து

புற்றுநோய் மருந்து என்றாலே மருத்துவமனைக் கட்டிலில் படுத்து இரத்தக் குழாய் வழியே ஏற்றிக்கொள்வது என்றிருந்த நிலை மாறி, மாத்திரையாக வீட்டிலேயே உட்கொள்ளும் முறை நம் நாட்டில் பரவியுள்ளது. தொலைவிலுள்ள நகரத்திற்குச் சென்றுவரும் செலவும், அதனால் இழக்கும் கூலியும் இதனால் குறைகின்றன. ஆனால், செவிலியர் ஆற்றிவந்த கண்காணிப்புப் பணி குடும்பத்தாரின் பொறுப்பாகிவிடுகிறது. இம்மாற்றம் போதிய அளவு உணரப்பட்டதாகத் தெரியவில்லை.

விலையைப் பொறுத்தமட்டில் முன்னேற்றம் உண்டு. நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அம்முடிவை உறுதி செய்தது. மாதம் ஒன்றுக்குச் சுமார் 1,20,000 ரூபாய் என்றிருந்த செலவு, உள்நாட்டுத் தயாரிப்புகளால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. 2019-இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக இலாபம் 30 விழுக்காட்டுக்குள் வரம்பிடப்பட்டது. எனினும் மாத்திரை கைக்கு எட்டுவது வேறு. அதை முறையாக உட்கொள்வது வேறு.

இமாட்டினிப் நாள்தோறும் உணவுடன், நிறையத் தண்ணீருடன் உட்கொள்ளப்படுகிறது. உடல் தேறிவிட்டதென்றோ, பணத்தை மிச்சப்படுத்தவோ ஒருநாள் விட்டு ஒருநாள் உட்கொண்டால் நோய் மீண்டும் தலைதூக்கும். குடல், மார்புப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் கேப்பெசிடபின் இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் 14 நாட்கள் காலையும் இரவும், உணவு முடிந்த அரைமணி நேரத்திற்குள் உட்கொண்டு, அடுத்த 7 நாட்கள் நிறுத்த வேண்டும். அந்த ஓய்வு நாட்களிலும் தொடர்ந்தால் மருந்தே நஞ்சாகும். ஒன்றில் நிறுத்துவது ஆபத்து; மற்றொன்றில் நிறுத்தாதிருப்பது ஆபத்து. சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் எழுதப்படும் குறிப்பிலிருந்து இவ்வேறுபாட்டை எளிய குடும்பம் எவ்வாறு அறியும்? ஓய்வு தொடங்கும் தேதியையும் முடியும் தேதியையும் நோயாளியின் மொழியிலேயே எழுதித் தருவதற்குத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் தேவையில்லை.

தவறவிட்ட வேளைக்காக அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது. உட்கொண்டபின் வாந்தியெடுத்தாலும் மறுபடி விழுங்காமல் மருத்துவரைக் கேட்பதே முறை. கேப்பெசிடபின் உட்கொள்பவருக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 4 முறையோ அதற்கு மேலோ பேதியானாலும், உள்ளங்கை, உள்ளங்கால் வலியுடன் சிவந்து கொப்புளித்தாலும் மாத்திரையை நிறுத்தி உடனே தெரிவிக்க வேண்டும். எந்தப் புற்றுநோய் மருந்தானாலும், காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின் ஆகியவை கேப்பெசிடபினோடு சேர்ந்தால் தீங்கு விளையக்கூடும்; ஆதலால் நாட்டு மருந்து உட்பட உட்கொள்வன அனைத்தையும் மருத்துவரிடம் கூறுவது அவசியம்.

விழுங்க இயலாதவருக்கென மாத்திரையை அம்மியில் பொடிப்பது அன்பினால் செய்யப்படும் காரியமே. ஆனால் அத்தூள் மற்றவர்களின் மூச்சிலும் உணவிலும் கலக்கிறது. கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் இம்மாத்திரைகளைத் தொடவே கூடாது. எடுத்துக் கொடுப்பவர் கையுறை அணிவதும், பின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் நலம். வீட்டின் பிற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாமல், உறையோடு தனியே வைக்க வேண்டும். மீந்தவற்றைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல், வாங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படைக்கக் கேட்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இவ்வகை மருந்துக் கழிவைத் தனியே மஞ்சள் பையில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு மருத்துவமனைகளில் இருக்க வேண்டும். வீடுகளில் மீந்ததை வாங்கிக்கொள்ள அங்கே ஒரு பெட்டி வைப்பதே எஞ்சியுள்ள பணி.