பாடநூலில் ஒரு தட்டு, வீட்டில் வேறொரு தட்டு

இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளிகளில், 14 வயது வரையிலான மாணவர்களுக்குச் சமையலும் சத்துணவு அறிவும் 2014 செப்டம்பர் முதல் கட்டாயப் பாடமாக உள்ளன. ஆனால், வகுப்பில் கற்பது வீட்டு உணவுக்கும் பொருந்தும் என்பதை எத்தனை மாணவர்கள் உணர்கிறார்கள் என்பதே கேள்வி.

நாளொன்றுக்கு ஐந்து பங்கு காய்கனிகள் உண்ண வேண்டும், ஒரு பங்கு என்பது 80 கிராம் என்பது அங்கு குழந்தைகள் பலரும் அறிந்த பாடம். இதனை லண்டனில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் இரவு உணவோடு பொருத்திப் பார்க்கலாம்.

சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி. கறி என்ற பெயரில் வருவதால் கிழங்கையும் காய்கறியாகவே கணக்கிடுவது நம்மவர் வழக்கம். பிரிட்டிஷ் சுகாதாரத்துறையின் கணக்கிலோ உருளைக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் சோற்றைப் போன்ற மாச்சத்து உணவுகள். ஐந்து பங்கில் அவை சேரா. மாறாக, பருப்பு சேரும். எனினும் எவ்வளவு உண்டாலும் அது ஒரு பங்கு மட்டுமே.

பாடநூலின் பொதுவான படத்தில் புலப்படாத இந்த வேறுபாடு, தன் தட்டையே எண்ணிப் பார்க்கும் மாணவருக்கு எளிதில் புலப்படும்.

இது வெறும் பாடப் பிரச்சினை அல்ல. தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு நோய் ஏற்படும் வாய்ப்பு அதிகம். உடல் நிறைச் சுட்டெண் 25ஐ எட்டும்போது பொதுவாக விடுக்கப்படும் எச்சரிக்கையை, இவர்களுக்கு 23லேயே விடுக்க வேண்டும் என பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2013ல் பரிந்துரைத்தது.

ஜப்பான் வேறு வழியைக் காட்டுகிறது. உணவுக் கல்விக்கென அங்கு 2005ல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சத்துணவு ஆசிரியர் என்ற பணியும் அதே ஆண்டில் உருவாக்கப்பட்டது. மதிய உணவை மாணவர்களே சக மாணவர்களுக்குப் பரிமாறுகின்றனர். அங்கு உண்ணும் வேளையும் பாடவேளையே.

அத்தகைய ஏற்பாடு இல்லாத பள்ளியிலும், நேற்றிரவு வீட்டில் என்ன உண்டீர்கள் என்ற கேள்வியோடு வகுப்பைத் தொடங்கச் செலவேதும் இல்லை. ஆனால் அதில் கவனம் தேவை. வீட்டில் எதைச் சமைப்பது என்பதை முடிவு செய்பவர் குழந்தை அல்ல. வாங்கும் சக்தியும் வீட்டுக்கு வீடு மாறும். தன் வீட்டு உணவு தாழ்ந்தது என்ற எண்ணத்தை வகுப்பு ஏற்படுத்தினால், அந்தப் பாடம் சமையலறையை எட்டாது. இருக்கும் உணவோடு ஒரு கீரையைச் சேர்க்கலாம், கிழங்கைச் சற்றுக் குறைக்கலாம் என்று சொல்லும் பாடமே வீடு வரை செல்லும்.