ஒரு நிமிட பயானும் அறிவிப்பாளர் தொடரும்

பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்குகிறது. வரும் கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: "இஸ்லாமியக் கற்கைகள் வகுப்பில் டிக்டொக்கும் யூடியூப்பும் போட்டுத்தான் படிப்பிக்கிறார்களாமே, அதற்கு ஏன் பிள்ளையை ஒலுவிலுக்கோ பேராதனைக்கோ அனுப்ப வேண்டும்?"

வீடியோவால் மாணவர் 'ஈடுபாடு' கூடுகிறது என்று அறிக்கைகள் சொல்கின்றன. பெரும்பாலும் அது, பிடித்திருந்ததா என்று மாணவரிடமே கேட்டு வாங்கிய பதில். பிடித்ததெல்லாம் விளங்கியதாகிவிடாது.

ஹதீஸ் நிற்பதே இஸ்னாத் எனும் அறிவிப்பாளர் தொடரின் மேல்தான். ஒரு நிமிட பயானில் (மார்க்க உரையில்) முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அந்த வெட்டையே பாடமாக்கிய ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். கல்வி தேடிச் சீனா வரை போகச் சொல்லும் பிரபலமான கூற்றை ஒரு மௌலவி உருக்கமாகச் சொல்லும் 40 விநாடி கிளிப். முடிந்ததும் விரிவுரையாளர் கேட்டார்: "இது எந்தக் கிதாபில், யார் வழியாக வருகிறது?"

முன்வரிசை மாணவி அரபுச் சொற்களைக் கொப்பியில் எழுதினார். மக்தபா ஷாமிலா என்ற மின்னூலகத்தில் தேடினார். இமாம் பைஹகீயின் ஹதீஸ் தொகுப்பில் இருந்தது; தொடர் பலவீனமானது என்ற குறிப்பும் பைஹகீயுடையதே. தொடரில் அபூ ஆதிகா என்றொருவர். அவரை இமாம் புகாரி நிராகரித்திருக்கிறார். 1201இல் காலமான இப்னுல் ஜவ்ஸீயோ, இட்டுக்கட்டப்பட்டவை என்று தாம் தொகுத்த நூலிலேயே இதைச் சேர்த்துவிட்டார். 40 விநாடியை அவிழ்க்க வகுப்பு முழுவதும் போனது. ஹதீஸின் மூலத்தையும் தொடரையும் தேடிப் பார்க்கும் தக்ரீஜ் என்ற பழைய பயிற்சிதான். அந்த மாணவி இனி எந்த பயானையும் பழைய காதால் கேட்கமாட்டார்.

என்னை உறுத்துவது வகுப்பு முடிந்த பிறகு நடப்பது. விரிவுரையாளர் தெரிவு செய்வது ஒரு வீடியோவை. அடுத்ததைச் செயலி தெரிவு செய்கிறது. எவ்வளவு நேரம் பார்க்க வைக்கும் என்பது அதற்குப் பெரிய கணக்கு, தொடர் ஸஹீஹா (நம்பத்தக்கதா) என்பது கணக்கிலேயே இல்லை. அதனால் இணைப்பை அனுப்பாமல் வகுப்பிலேயே போட்டுக்காட்டுவது நல்லது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: வீடியோ பார்த்தே பட்டம் வாங்கலாமா? முடியாது.

அரபு தெரியாதவர்? அரபைப் படித்தே ஆகவேண்டும், மொழிபெயர்ப்பில் தக்ரீஜ் பாதிவழிதான் போகும்.

டேட்டாவுக்குக் காசில்லாத மாணவர்? வகுப்பில் காட்டினால் அந்தச் செலவே இல்லை.

மாணவரையே பயான் வீடியோ போடச் சொல்லலாமா? வகுப்புக்குள் மட்டும், 20 வயதில் சொன்ன பிழையை இணையத்திலிருந்து திரும்பப் பெற முடியாது.