'அவுட்' என்றால் வெளியே மட்டும்தானா?

பூப்பந்து கோட்டைத் தாண்டி விழுந்தால் 'அவுட்' என்று கத்துகிறோம். அந்தச் சொல்லுக்கு 'வெளியே' என்று பொருள் என்பது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், அதே 'அவுட்' ஒரு வினைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும்போது பெரியவர்களுக்கே தடுமாற்றம் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பாரத்தைப் பூர்த்தி செய்யுங்கள் என்பதற்கு 'ஃபில் இன் தி ஃபார்ம்' என்று நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அமெரிக்க நிறுவனங்களின் பாரங்களில் 'ஃபில் அவுட் தி ஃபார்ம்' என்று இருக்கும். 'இன்' என்றால் உள்ளே, 'அவுட்' என்றால் வெளியே. ஆனாலும் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஆக, இத்தகைய இடங்களில் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்த்துப் பயனில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே வினையாகக் கொள்ள வேண்டும். ஆங்கில இலக்கணத்தில் இதை 'ஃபிரேசல் வெர்ப்' என்கிறார்கள்.

தமிழிலும் இது உண்டு

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. 'கண்டுபிடி' என்கிறோம். கண்ணால் கண்டு, கையால் பிடிப்பதையா சொல்கிறோம்? 'அரிசி தீர்ந்து போச்சு' என்கிறோம். அரிசி எங்கும் நடந்து போகவில்லை. அங்கே 'போ' என்பது தன் சொந்தப் பொருளை விட்டுவிட்டு, ஒரு செயல் முற்றாக முடிந்ததைக் காட்டுகிறது. இதைத் துணைவினை என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தின் 'அவுட்'டும் பல இடங்களில் ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது.

சாவியும் உண்மையும்

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் 'ஃபைண்ட் அவுட்'. காரணம் நம் தமிழ்தான். தொலைந்த சாவியையும் கண்டுபிடிக்கிறோம். மறைத்த உண்மையையும் கண்டுபிடிக்கிறோம். ஒரு புது இயந்திரத்தையும் கண்டுபிடிக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று சொற்கள். சாவி கிடைத்தால் 'ஐ ஃபவுண்ட் மை கீ'. அங்கே 'அவுட்' கூடாது. தெரியாத ஒரு செய்தி தெரியவந்தால்தான் 'ஐ ஃபவுண்ட் அவுட் தி ட்ரூத்'. புது இயந்திரத்துக்கு 'இன்வென்ட்'.

மறைந்திருந்தது வெளிச்சத்துக்கு வருகிறது என்ற இதே பொருளில் வேறு சிலவும் வரும். யோசித்துப் புரிந்துகொண்டால் 'ஃபிகர் அவுட்'. ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டினால் 'பாயிண்ட் அவுட்'. நாம் நினைத்தது ஒன்றாக இருந்து, முடிவில் தெரியவந்தது வேறாக இருந்தால் 'இட் டர்ன்ட் அவுட்' என்று வாக்கியத்தைத் தொடங்கலாம்.

கணக்குப் போட்டு விடை காண்பது 'வொர்க் அவுட்'. சம்பளச் சீட்டில் ஓவர்டைம் தொகை குறைவாகத் தெரிந்தால் 'ஹவ் டிட் யூ வொர்க் அவுட் மை ஓவர்டைம்?' என்று கேட்கலாம். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று பொருள். மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. மலேசிய வேலைச் சட்டத்தின்படி, சாதாரண வேலை நாளில் ஓவர்டைமுக்கு ஒரு மணி நேரச் சம்பளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீர்ந்தது, அணைந்தது

நாம் 'ஹாபிஸ்' என்று சொல்லும் இடங்களில் 'ரன் அவுட்' வரும். அரிசியை முன்னால் வைத்தால் 'தி ரைஸ் ஹேஸ் ரன் அவுட்'. நம்மை முன்னால் வைத்தால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் ரைஸ்'. இரண்டாவதில் 'ஆஃப்' கட்டாயம். அதை விட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை. கடையில் பொருள் விற்றுத் தீர்ந்தால் 'சோல்ட் அவுட்'. தீயை அணைத்தால் 'புட் அவுட்'. விளக்கு தானாக அணைந்தால் 'வென்ட் அவுட்'.

'பாஸ் அவுட்' விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. படிப்பை முடித்ததை 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2019' என்று சொல்வது இந்திய ஆங்கில வழக்கு. இங்கே நேர்முகத் தேர்வில் அப்படிச் சொன்னால், 2019இல் மயங்கி விழுந்தேன் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும். 'ஐ கிராஜுவேட்டட்' என்பதே பாதுகாப்பு. சிங்கப்பூரில் தேசிய சேவைப் பயிற்சியை முடித்த வீரர்களின் 'பாஸிங் அவுட் பரேட்' மட்டும் விதிவிலக்கு. அங்கே யாரும் மயங்கவில்லை. அது பயிற்சி நிறைவு அணிவகுப்பு.

கிளினிக் கடிதத்தில் 'ரூல் அவுட்'

காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகிறோம். மருத்துவமனைக்கு எழுதித் தரும் கடிதத்தில் 'டு ரூல் அவுட் டெங்கி' என்று இருக்கிறது. சிலர் இதை 'ஆர்/ஓ' என்று சுருக்கியும் எழுதுவார்கள். 'ரூல் அவுட்' என்றால் அது இல்லை என்று ஒதுக்கிவிடுவது. ஆனால், 'டு ரூல் அவுட்' என்பது இனிமேல் செய்ய வேண்டிய வேலை. டெங்கி இல்லை என்று இன்னும் உறுதியாகவில்லை, பரிசோதித்துப் பாருங்கள் என்பதே அதன் பொருள். டெங்கி இல்லையாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டால் ஆபத்து. டெங்கி வந்துவிட்டது என்று அழவும் தேவையில்லை. உடனே போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

'போலீஸ் ஹேவ் நாட் ரூல்ட் அவுட் ஃபவுல் பிளே' என்று ஆங்கில நாளேடுகளில் படித்திருப்பீர்கள். சதி இருக்கலாம் என்ற சந்தேகத்தைப் போலீசார் இன்னும் கைவிடவில்லை என்று பொருள்.

கையெழுத்துக்கு முன்

வங்கியிலும் 'அவுட்' உண்டு. 'டேக் அவுட் மணி' என்றால் பணத்தை மீட்பது. 'டேக் அவுட் எ லோன்' என்றால் கடன் வாங்குவது. 'டேக் அவுட் இன்சூரன்ஸ்' என்றால் காப்புறுதி எடுப்பது. மூன்றிலும் சொல் ஒன்றுதான். ஆனால், முதலாவதில் கைக்கு வருவது நம் பணம். இரண்டாவதில் வருவது திருப்பிக் கட்ட வேண்டிய பணம். மூன்றாவதில் பணம் நம் கையை விட்டுப் போகிறது. காப்புறுதி நிறுவனம் இழப்பீடு வழங்கினால் அது 'பே அவுட்'.

'ஒப்ட் அவுட்' இன்னும் முக்கியம். விலகிக்கொள்வது என்று இதற்குப் பொருள். நாம் ஏற்கெனவே உள்ளே சேர்க்கப்பட்டிருக்கிறோம் என்ற செய்தியும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சிங்கப்பூரின் உடலுறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. அதன்படி 21 வயதை எட்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பொதுவாக இத்திட்டத்தில் அடங்குவர். வேண்டாம் என்பவர்கள் 'ஒப்ட் அவுட்' செய்ய வேண்டும். மலேசியாவில் இதற்கு நேர்மாறு. உறுப்பு தானம் செய்ய விரும்புகிறவர்கள் தாமாகப் பதிந்துகொள்ள வேண்டும். அது 'ஒப்ட் இன்'. பாரத்தில் உள்ள சிறு கட்டத்தில் அடையாளமிடும் முன் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதுகூட, சில இடங்களில் சம்மதம் என்றே ஆகிவிடும்.

சொல் நிற்கும் இடம்

பேசும்போது உதவும் ஒரு விதி. 'ஃபில் அவுட் தி ஃபார்ம்', 'ஃபில் தி ஃபார்ம் அவுட்' இரண்டும் சரி. ஆனால் 'ஃபார்ம்' என்பதற்குப் பதில் 'இட்' போட்டால் அது நடுவில்தான் வர வேண்டும். 'ஃபில் இட் அவுட்' சரி. 'ஃபில் அவுட் இட்' பிழை. 'சார்ட் இட் அவுட்', 'ஃபிகர் இட் அவுட்' எல்லாம் இப்படித்தான். 'ரன் அவுட் ஆஃப்' மட்டும் பிரியாது. 'வி ரன் அவுட் ஆஃப் இட்' என்றே வரும்.

எஸ்பிஎம் எழுதும் பிள்ளைகள் இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. புதிதாக ஓர் 'அவுட்' கண்ணில் பட்டால், அது வந்த முழு வாக்கியத்தையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் நாம் எப்படிச் சொல்வோம் என்று குறித்து வைத்தால் போதும். வாரம் இரண்டு சேர்ந்தாலே ஆண்டு முடிவில் நூறு ஆகிவிடும். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் அந்தப் பிள்ளைகளிடம்தானே இருக்கிறது.