இளைஞர் கழகமும் அரச பணமும்

இளைஞர் கழகங்களுக்கு அரச பணம் எவ்வழியாக வருகிறது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்துக்கு வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படுகிறது. நாம் வாங்கும் சீனியின் வரியும் அதில் உண்டு; ஆகவே இது தர்மப் பணமன்று. மன்றத்தின் கழகங்கள் கிராம அலுவலர் பிரிவு வாரியாகப் பதியப்படுகின்றன. அவற்றுக்கு மேலே பிரதேச, மாவட்ட சம்மேளனங்கள்.

இடம்பெயர்ந்தோருக்குச் சிக்கல் இங்கேதான். சொந்த ஊரில் கழகம் பெயரளவில் இருக்கும். வந்த ஊரிலோ நம் பிள்ளைகள் விருந்தாளிகள். சிரமதானத்துக்குக் கூப்பிடுவார்கள், கணக்குப் பார்க்கும் கூட்டத்துக்குக் கூப்பிட மறந்துவிடுவார்கள்! ஊர் திரும்பும்வரை காத்திராமல், இப்போது வசிக்கும் பிரிவின் கழகத்தில் அங்கத்துவம் கேட்பதே மேல் என்பது எமது எண்ணம். மறுத்தால், பிரதேசத்துக்குப் பொறுப்பான இளைஞர் சேவை உத்தியோகத்தரிடம் எழுத்தில் கொடுத்து, பிரதியொன்றை வைத்திருங்கள்.